மீட்டெடுத்த பூனைக்குச் சர்க்கரை: ஊசி போட்டுப் பார்ப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: 2023 ஆகஸ்ட் 14, காலை 9.15

போன வருடம் மழையில் ஒரு வண்டிக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்த பூனையைத் தூக்கி வந்தேன். பெண். வயது எட்டு, ஒன்பது இருக்கும் என்கிறார் டாக்டர். இரண்டு மாதமாகத் தண்ணீராகக் குடித்துத் தள்ளுகிறது. சாப்பாடும் இரட்டிப்பு. ஆனால் தடவினால் முதுகெலும்பு கையில் தட்டுகிறது. நேற்று ரத்தம் பார்த்தார்கள், 412. தினம் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டுமாம். வீட்டில் "தெருப்பூனைக்கு இதெல்லாம் தேவையா" என்கிறார்கள். பக்கத்து வீட்டில் பாகற்காய்ச் சாறு கொடுக்கச் சொல்கிறார்கள். ஊசி குத்திக் கொடுமைப்படுத்துவதைவிட வலியில்லாமல் அனுப்பிவிடுவது புண்ணியம் என்று ஒருவர் சொன்னார். நான் வேலைக்குப் போகிறவள். இது நடக்கிற காரியமா? செய்து பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள். திருச்சியிலிருந்து எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 14, இரவு 10.40

நடக்கிற காரியம்தான். பிப்ரவரியிலிருந்து செய்துகொண்டிருக்கிறேன். நானும் வேலைக்குப் போகிறவன்தான்.

எங்கள் பூனையின் பெயர் மேஸ்திரி. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தபோது ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்து நாள் முழுக்க வேலையை மேற்பார்வை பார்க்கும். செம்பழுப்புக் கடுவன், கன்னம் இரண்டும் பன் மாதிரி. சித்தாள்கள் டீயில் நனைத்த பிஸ்கட்டும் சோறும் போட்டு வளர்த்த உடம்பு. கட்டடம் முடிந்து எல்லோரும் கிளம்பிப் போனபின், வாயெல்லாம் புண்ணாகி எச்சில் ஒழுக எங்கள் கேட்டுக்கு வந்து படுத்துக்கொண்டது. அது 2021.

நோயை முதலில் கண்டுபிடித்தது எறும்பு. மணல் தட்டில் இருந்து பால்கனிச் சுவர் வரைக்கும் ஒரு சாரை. நான் எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்து கோடு போட்டேன். அம்மா வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மீன் துண்டு எதுவும் விழவில்லையேடா, மூத்திரத்துக்கு ஏண்டா எறும்பு வருது? உங்க தாத்தாவுக்கு இப்படித்தான் வந்துச்சு" என்றார். அம்மாவுக்கே இருபது வருடமாகச் சர்க்கரை. மறுநாள் காலை பாத்ரூம் பக்கெட்டில் தலையை விட்டு மேஸ்திரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். வயிற்றை நிரப்பிக்கொண்டு நகர்ந்தவன், மறுபடி வந்து குடித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உங்கள் 412 பற்றி ஒன்று. பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். டாக்டர் மேஜையில் நாலு பேர் பிடித்துக்கொண்டு எடுத்த ரத்தத்தில், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் 300 தாண்டி வரலாம். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரக்டோசமைன் என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு, கடந்த இரண்டு மூன்று வாரத்துச் சராசரியைச் சொல்லும். ஆனால் நீங்கள் சொல்லும் தாகமும் இளைப்பும் சேர்த்துப் பார்த்தால் டாக்டர் சரியாகத்தான் சொல்கிறார் என்று படுகிறது.

பாகற்காய்ச் சாற்றைப் பக்கத்து வீட்டுக்காரரையே குடிக்கச் சொல்லுங்கள். அதைப் பூனை வாயில் ஊற்ற முயன்று என் அத்தை மகன் கையில் ஏழு தையல்.

2023 ஆகஸ்ட் 14, இரவு 11.05

ஏழு இல்லை, மூன்று தையல். அவனே போன் பண்ணித் திருத்தினான்.

2023 ஆகஸ்ட் 15

ஊசி கொடுமையா என்று கேட்டீர்கள். 31 கேஜ் ஊசி, மிக மெல்லியது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விலாப்பக்கத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து, அதன் அடிவாரத்தில் போடுகிறேன். மேஸ்திரி தட்டில் இருந்து தலையைத் தூக்குவதுகூட இல்லை. முதல் வாரம் நடுங்கியது என் கைதான். எங்கள் வீட்டில் காலை ஏழு, இரவு ஏழு. ஆறரைக்கு அம்மாவுக்கு ஊசி, ஏழுக்கு அவனுக்கு. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்பதுதான் கணக்கு, பத்து இருபது நிமிடம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்துக்குத் தோதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சங்கதி. சில சமயம் ஊசி தோலின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே வந்து மருந்து முடியில் போய்விடும். தடவினால் ஈரம், முகர்ந்தால் பிளாஸ்திரி வாசனை. அப்படி ஆனால் இன்னொரு முறை போடவே போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது. அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போட்டால் போதும். ஒரு வேளை சர்க்கரை கூடினால் பூனை செத்துவிடாது. குறைந்தால் செத்துவிடும்.

2023 ஆகஸ்ட் 17

சாப்பாடு. இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

பூனைக்கு மாவுச்சத்து தேவையே இல்லை. அதன் உடம்பு இறைச்சியில் இருந்தே சர்க்கரையைத் தயாரித்துக்கொள்கிறது. நாமோ தயிர்சாதம் போடுகிறோம், பால் ஊற்றுகிறோம், பிஸ்கட் போடுகிறோம். அதைவிடப் பெரிய ஏமாற்று, கடையில் விற்கும் உலர் தீனி. பாக்கெட்டில் மீன் படம் போட்டிருக்கும், மாவுச்சத்து எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது. நாமே கணக்குப் போட வேண்டும். நான் வாங்கிக்கொண்டிருந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன்: புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10. சாம்பல், அதாவது தாது உப்புகள், எவ்வளவு என்று போடவில்லை, சுமார் 8 வைத்துக்கொள்ளலாம். கூட்டினால் 62. மிச்சம் 38 மாவுச்சத்து. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோறு போட்ட மாதிரிதான். அதைத்தான் இரண்டு வருடம் "நல்ல தீனி" என்று நம்பி வாங்கிப் போட்டேன்.

இப்போது கொடுப்பது ஈரத் தீனி, குழம்பாக இல்லாமல் கூழாக இருக்கும் வகை. குழம்பு வகையில் கெட்டியாக்க மாவு சேர்க்கிறார்கள். கூடவே வேகவைத்த கோழி, கொஞ்சம் ஈரல். வெறும் கோழி நெஞ்சுக்கறி மட்டுமே போட்டு வளர்க்க முடியாது, பூனைக்குத் தேவையான டாரின் என்ற சத்து, சுண்ணாம்புச்சத்து எல்லாம் குறைந்துபோகும். தினமும் மத்தி மீனும் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு இன்று இரவே தீனியை மாற்றிவிடாதீர்கள். இன்சுலின் ஆரம்பித்த பிறகு திடீரென்று மாவைக் குறைத்தால், போட்டுக்கொண்டிருக்கும் அதே அளவு மருந்து மிதமிஞ்சிப் போய்விடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ரத்தம் பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டும்.

வாழ்நாள் முழுக்கவா என்றால், அப்படியும் இல்லை. பூனைக்கு வருவது பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை மாதிரி. கணையம் களைத்துப் போயிருக்கும், அடியோடு செத்துப் போயிருக்காது. சீக்கிரம் பிடித்தால் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் உண்டு. 2009-இல் ரூம்ப், ரேண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு, 55 பூனைகள், வீட்டிலேயே ரத்தம் பார்த்து கிளார்ஜின் என்ற நீண்ட நேர இன்சுலின் போட்டவை. அதில் 64 சதவீதம் ஊசியை விட்டன. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் அந்த முறைக்கு வந்தவற்றில் 84, அதற்கப்புறம் வந்தவற்றில் 35. நீங்கள் முதல் வாரத்தில் இருக்கிறீர்கள். எனக்கோ ஆறு மாதமாகியும் இன்னும் ஊசி நிற்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், யோசிப்பதில் நாளைக் கடத்தாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 20

ஊசி ஆரம்பித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு யூனிட், இரண்டு வேளை. நல்ல ஆரம்பம், பெரும்பாலான டாக்டர்கள் அங்கேதான் தொடங்குவார்கள்.

காதில் ரத்தம் எடுப்பது எப்படி என்று கேட்டதற்கு: காதின் ஓரத்தில், முடி முடிகிற இடத்தை ஒட்டி, ஒரு மெல்லிய ரத்தக் குழாய் ஓடும். பின்னால் டார்ச் அடித்தால் தெரியும். அதன் மேல் குத்தக் கூடாது, அதற்கும் காது விளிம்புக்கும் நடுவில் குத்த வேண்டும். முதலில் காது சூடாக இருக்க வேண்டும். பழைய சாக்ஸில் அரிசி கொட்டி முடிந்து, தோசைக்கல்லில் லேசாகச் சூடுகாட்டி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் காதில் ஒரு நிமிடம் வைப்பேன். அப்புறம் வாசலின் துளி தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் கடுகளவு முத்தாக நிற்கும். சர்க்கரை மீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பை அதில் தொட்டால் போதும், இழுத்துக்கொள்ளும். பிறகு பஞ்சை வைத்துப் பத்து விநாடி அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் காது நீலம் பாரிக்கும்.

முதல் பத்து நாளில் நான் வீணாக்கிய ஸ்ட்ரிப் இருபத்தாறு. அம்மா எண்ணினார்.

மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பூனை ரத்தத்தில் சர்க்கரை கிட்டத்தட்ட முழுதும் நீர்ப்பகுதியில்தான் இருக்கிறது, நமக்கோ சிவப்பணுக்களிலும் கணிசமாக இருக்கிறது, மீட்டர் நம் கணக்கில் செய்யப்பட்டது. செல்லப்பிராணிகளுக்கென்று தனி மீட்டர் உண்டு, ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகவில்லை. நான் அம்மாவின் மீட்டரையே வைத்துக்கொண்டேன். எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றிப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். இன்னொன்று, இரண்டு பேருடைய எண்களும் ஒரே மீட்டர் நினைவில் கலந்துவிடுகின்றன. அம்மாவின் டாக்டர் ஒருநாள் மீட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, ராத்திரி பதினொன்றுக்கு 318?" என்று அதட்டினார். அம்மா, "அது மேஸ்திரியோடது" என்றார். யார் அந்த மேஸ்திரி என்று அவர் கேட்கவில்லை.

2023 செப்டம்பர் 2

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரமாக யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் வருகிறது. அம்மா போட்டுக்கொள்ளும் குப்பி ஒரு மில்லியில் 40 யூனிட். மேஸ்திரியின் கிளார்ஜின் ஒரு மில்லியில் 100. நாற்பதுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கானதற்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் எங்கள் ஃபிரிட்ஜின் மேல் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தன.

மார்ச் மாதம். ஆபீஸில் இருந்து தாமதமாக வந்தேன். அவனுக்கு அப்போது இரண்டு யூனிட். டப்பாவில் கைவிட்டு எடுத்த சிரிஞ்சில் இரண்டு கோடு இழுத்துப் போட்டேன். சிவப்பு மூடி. நாற்பது சிரிஞ்சில் இரண்டு கோடு என்றால் 0.05 மில்லி. அதில் நூறு அடர்த்தி மருந்து நின்றால் ஐந்து யூனிட். இரண்டரை மடங்கு. மூடியை மறுபடி போடும்போதுகூட என் கண்ணில் அந்த நிறம் படவில்லை.

பதினொன்றரைக்குச் சமையலறையில் ஒரு கத்தல். பசி கத்தல் மாதிரி, ஆனால் விடாமல். போய்ப் பார்த்தால் பின்னங்கால் இரண்டும் குடித்தவன் மாதிரி பின்னுகின்றன. கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாக இருக்கிறது. காதைச் சூடு பண்ணவெல்லாம் நேரமில்லை, அப்படியே குத்தினேன். 46.

அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தேன் பாட்டிலை எடுத்து விரலில் தொட்டு அவன் ஈறில் தேய்த்தார். கடிக்கிற பூனை, அன்றைக்குக் கடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும், ஈறில் தேய்த்தாலே போதும். பத்து நிமிடம் கழித்து 61. தானாக விழுங்குகிறான் என்று தெரிந்ததும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய உலர் தீனியைக் குழைத்து வைத்தோம், சாப்பிட்டான். அரைமணிக்கு 58, மறுபடி இறங்கிவிட்டது. மறுபடி தேன். 84. 70. 95. இரவு முழுக்க சமையலறைத் தரையில் மூன்று பேரும். நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து என்பதால் ஒருமுறை ஏறிவிட்டது என்று படுக்கப் போயிருந்தால் அவ்வளவுதான். விடிகாலை ஐந்தரைக்கு 162 வந்ததும் அம்மா காபி போட்டார். காலை ஊசி போடவில்லை, நேரே டாக்டரிடம் போனோம்.

அன்றிலிருந்து இரண்டு டப்பா. ஒன்று ஃபிரிட்ஜ் மேல், ஒன்று என் மேஜை டிராயரில். ஆரஞ்சு மூடியிலும் பாருங்கள்: ஒரு மில்லி சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட். ஒரு யூனிட் போடும் பூனைக்கு அது உதவாது. 0.3 மில்லி சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் விடாதீர்கள். எங்கள் மெடிக்கல்காரர் சொல்லிவைத்து வரவழைத்துக் கொடுக்கிறார்.

2023 செப்டம்பர் 3

"இப்படி அஜாக்கிரதையாக இருப்பவர் பூனை வளர்க்கக் கூடாது" என்று எழுதியவருக்கு: சரிதான். உங்கள் வீட்டு டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

2023 செப்டம்பர் 12

திருத்தம். இங்கே ஒருவர் கேட்ட கேள்விக்கு "தொடர்ந்து 250-க்கு மேல் இருந்தால் அரை யூனிட் ஏற்றுங்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன், அதை எடுத்துவிட்டேன். கிளார்ஜின் தோலுக்கடியில் படிந்து மெல்லக் கரைகிற மருந்து. புது அளவு முழுதாக வேலை காட்டவே சில நாள் ஆகும். ஒரு அளவை ஐந்து, ஏழு நாளாவது வைத்திருந்து, இரண்டு ஊசிக்கும் நடுவில் எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து, டாக்டரிடம் கேட்டு ஏற்ற வேண்டும். ஊசிக்கு முந்தைய எண்ணை மட்டும் பார்த்து ஏற்றினால், ஐந்தாறு மணி நேரம் கழித்து அது எங்கே போய் நிற்கிறது என்று தெரியாமலே போகும். ஏப்ரலில் நான் செய்தது அதுதான். இன்று 340, ஏற்று. நாளைக்கு 360, இன்னும் ஏற்று. மூன்றரை யூனிட் வரை போனேன். டாக்டர் திட்டிவிட்டு இரண்டுக்கு இறக்கினார். இறக்கியதும் எண்கள் குறைந்தன. அதுவரை உடம்பு தாழ்வுக்குப் பயந்து தானே சர்க்கரையைக் கொட்டியிருக்கலாம் என்றார்.

என் அவசரத்தால்தான் அவன் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறான், நோயால் இல்லை.

2023 செப்டம்பர் 13

உடம்பில் ஒட்டினால் சர்க்கரையைப் போனில் காட்டும் சென்சாரை ஒட்டலாமா என்று கேட்டவருக்கு. மனிதருக்கான 14 நாள் சென்சாரை முதுகில் முடி மழித்து ஒட்டிப் பார்த்தோம். அருமை, காதைத் தொடவே வேண்டாம். நான்காம் நாள் இரவு போனில் 'லோ' என்று வந்தது, 40-க்கும் கீழே. தேன் பாட்டிலோடு வீடு முழுக்கத் தேடினேன். மேஸ்திரி ஃபிரிட்ஜ் மேல் தூங்கிக்கொண்டிருந்தான். சென்சார் கட்டிலுக்கடியில் கிடந்தது. கட்டிலுக்குத்தான் சர்க்கரை இறங்கியிருந்தது.

2023 அக்டோபர் 21

இரண்டு விஷயம்.

ஊசி இல்லாமல் மாத்திரை வந்துவிட்டதாமே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு 2022 டிசம்பரிலும், வெலாகிளிஃப்ளோசின் என்ற திரவ மருந்துக்கு இந்த ஆகஸ்டிலும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிற வகை. முன்பே இன்சுலின் போட்ட பூனைக்கு அந்த மாத்திரை கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. சர்க்கரை எண் சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து உண்டு, மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் சாப்பிடும் அதே குடும்பத்து மாத்திரையை உடைத்துக் கொடுக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது.

அமிலம் ஏறுவது என்ற பேச்சு வந்ததால்: எந்தச் சர்க்கரைப் பூனையும் ஒருநாள் சாப்பிடாமல், வாந்தியெடுத்து, மூலையில் சுருண்டு கிடந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். சிறுநீரில் கீட்டோன், அதாவது அந்த அமிலம், இருக்கிறதா என்று பார்க்கும் பட்டை மெடிக்கலில் கிடைக்கும், ஒரு டப்பா வாங்கி வைத்திருங்கள். நிறம் மாறினால் அன்றே ஆஸ்பத்திரி.

இரண்டாவது, மேஸ்திரியின் பல். அவன் வாய்ப்புண்ணுக்கு 2021-லும் 2022-லும் ஒரு கிளினிக்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடுவார்கள். மறுநாளே புண் ஆறிவிடும், நன்றாகச் சாப்பிடுவான், நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வருவேன். அது நீண்டகால ஸ்டீராய்டு. பூனையைச் சர்க்கரைக்குத் தள்ளுகிற மருந்துகளில் முதல் வரிசையில் இருப்பது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் என்ன ஊசி என்று கேட்கவில்லை. இப்போதைய டாக்டர் பழைய சீட்டுகளை வரிசையாக மேஜையில் பரப்பி வைத்து ஒன்பது ஊசிகளை எண்ணிக் காட்டினார்.

வாயில் புண் இருக்கும்வரை இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அழற்சி அதைத் தடுக்கும் என்று பல்லை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். மயக்க மருந்து கொடுக்க வேண்டுமே என்று நான்தான் நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். போன வாரம் எடுத்தாயிற்று. அன்று காலை பாதி அளவு இன்சுலின்தான். மாலை பொக்கை வாயோடு மயக்கம் தெளிந்து பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தான். அம்மா தன் பல் செட்டைக் கழற்றிக் காட்டினார்.

2023 டிசம்பர் 8

மிக்ஜாம் புயல் வந்துபோனது. மூன்று நாள் கரண்ட் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், நாங்கள் முதல் மாடி என்பதால் தப்பித்தோம். பலருக்கு வீடே போய்விட்டது, இங்கே உட்கார்ந்து பூனை ஊசி பற்றி எழுதுவதே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தேவைப்படும் என்று எழுதுகிறேன்.

ஃபிரிட்ஜ் நின்றதும் அம்மா மருந்தையும் அவன் மருந்தையும் டிபன் டப்பாவில் போட்டு மூடி, மண்சட்டிக்குள் வைத்து, அதைச் சுற்றிப் பெரிய சட்டியில் ஈர மணல் போட்டு, மேலே ஈரத்துணி போட்டு வைத்தோம். ஊரில் ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் அம்மாவின் சித்தி செய்ததாம். திறந்த குப்பி 30 டிகிரிக்குள் இருந்தால் நான்கு வாரம் தாங்கும். இந்த மழைக் குளிருக்குப் பயமே இல்லை. ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். உறைந்து உருகியதைப் பார்த்தால் நல்லது மாதிரியே இருக்கும்.

ஸ்ட்ரிப் பதினொன்று மிச்சம் இருந்தது. அம்மாவுக்கு ஆறு, அவனுக்கு ஐந்து என்று பங்கு போட்டோம். இரண்டாம் நாள் மாலை அவனுக்குப் பார்த்தால் 88, ஊசிக்கு முன்னால். கையில் டார்ச்சோடு இரண்டு தடவை படித்தேன். ஈரத் தீனி தீர்ந்து அன்று வெறும் முட்டைதான். ஊசி போடவில்லை. அடுத்த நாள் காலையில் 131.

2023 டிசம்பர் 9

முட்டையால் இல்லை, பல் போனதால் என்கிறார் டாக்டர். அளவு ஒன்றுக்கு இறங்கியது.

2024 ஜனவரி 17

பொங்கலன்று அரை யூனிட்டும் நின்றது. இரண்டு நாளாக ஊசி இல்லை: 112, 97, 120. ஆறு மாதம் தாண்டியதும் நான் மனதுக்குள் கைவிட்டிருந்தேன், ஊசியை விட்ட பூனைகளுக்குள் அவனும் எப்படியோ நுழைந்துவிட்டான். நேற்று இரவு ஏழு மணிக்கு ஊசி இல்லாமல் தட்டை வைத்தேன். சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். விலாப்பக்கத் தோலைப் பிடித்துத் தூக்கி விட்டேன். அப்புறம் சாப்பிட்டான்.

2024 மார்ச் 3

திருச்சிக்காரர் நீண்ட நாள் கழித்து எழுதியிருக்கிறார். ஒன்றரை யூனிட்டில் நிற்கிறது, ஊசி விடவில்லை, ஆனால் எடை ஒரு கிலோ ஏறியிருக்கிறது. பின்னங்காலைக் குதிகால் ஊன்றி முயல் மாதிரி நடந்துகொண்டிருந்தது இப்போது விரல் மேல் எழுந்து ஜன்னல் திண்டுக்குத் தாவுகிறதாம். நரம்பு திரும்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அது நல்ல அறிகுறி. ஊசி நிற்கவில்லையே என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு நிமிட வேலை. "தெருப்பூனைக்கு இதெல்லாம் தேவையா" என்று கேட்ட மாமனார்தான் இப்போது காலை ஊசி போடுகிறார் என்பதைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

செலவு கேட்ட இன்னொருவருக்கு: எனக்கு ஸ்ட்ரிப், சிரிஞ்சு, மருந்து சேர்த்து மாதம் மூவாயிரம் தாண்டியது, தீனி தனி. குப்பி 28 நாளில் காலாவதி என்று பெட்டியில் இருக்கும். பூனைக்கு அதற்குள் கொஞ்சம்தான் தீரும். ஃபிரிட்ஜில் வைத்து நான் இரண்டு மாதம்வரை பயன்படுத்தினேன், கலங்கினாலோ எண்கள் காரணமில்லாமல் ஏறினாலோ தூக்கிப் போட்டேன். உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

2024 ஜூலை 28

நேற்று மணல் தட்டுப் பக்கம் எறும்பு. சாரையாக, பால்கனிச் சுவர் வரைக்கும்.

வாரம் ஒருமுறைதான் ரத்தம் பார்க்கிறோம், கடைசியாகப் பார்த்தது ஆறு நாள் முன்னால், 104. சாக்ஸில் அரிசி கட்டக்கூடப் பொறுமையில்லை. அம்மாதான் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, குனிந்து எறும்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தார். தட்டுக்குள் போகவில்லை. தட்டைச் சுற்றிக்கொண்டு துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் போனது. அங்கே டாக்டர் அம்மாவுக்குக் கூடாது என்று சொன்ன கடலை மிட்டாய், பாதிப் பாக்கெட், காகிதத்தில் சுற்றி.

அம்மாவுக்கு 243. மேஸ்திரிக்கு 99.